கியர் விழவில்லையா? உடனே பாக்ஸைத் திறக்காதீர்கள்!

தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலை. காலை நேரம். முன்னால் பஸ். பின்னால் லாரி. நடுவே தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று நிற்கிறது. பச்சை விளக்கு எரிந்துவிட்டது. கார் நகரவில்லை.

டிரைவர் கிளட்சை மிதிக்கிறார். கியர் ராடைத் தள்ளுகிறார். "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். கியர் விழவில்லை. பின்னால் ஹாரன் காதைப் பிளக்கிறது.

ஒருவழியாகக் காரைத் தள்ளி ஓரம் கட்டுகிறார்கள். மெக்கானிக் வருகிறார். ராடை ஒரு தரம் ஆட்டிப் பார்க்கிறார்.

"கியர் பாக்ஸ் போச்சு சார். இறக்கணும்."

அவ்வளவுதான். கார்க்காரரின் முகம் சுண்டிவிடுகிறது. வீட்டில் மகள் கல்யாணம் நெருங்குகிறது. தாத்தாவின் காரில்தான் மாப்பிள்ளை அழைப்பு என்று எல்லோரும் ஆசைப்பட்டுக் கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வார், பாவம்! "சரி, இறக்கு" என்கிறார்.

பாக்ஸ் இறங்குகிறது. பிரிகிறது. பல்சக்கரங்கள் பழைய துணியின்மேல் பரப்பி வைக்கப்படுகின்றன. பத்து நாள் கழித்து எல்லாவற்றையும் மாட்டிக் காரைக் கிளப்பினால், அதே "கர்ர்ர்!"

ஏன்? கோளாறு பாக்ஸில் இல்லை. கிளட்சில்!

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். இது போன்ற கதை ஒன்றாவது கிடைக்கும். இதில் மெக்கானிக்மேல் பழி போடுவது சுலபம். ஆனால் கார்க்காரருக்கும் இதில் பங்கு உண்டு. அது எப்படி என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் காரைப் பார்ப்போம்.

இங்கே பிறந்த கார்

ஹெரால்டு கார் தாம்பரத்துக்கு அந்நியமானது அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. 1948-ல் தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. தாம்பரத்துக்குத் தெற்கே, பெருங்களத்தூர்-வண்டலூர் பக்கம், ஜி.எஸ்.டி. சாலை ஓரம் அதன் தொழிற்சாலை இருந்தது. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென் என்று பல கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1961-ல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று ஓடிய காரேதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சி.சி. என்ஜின். நாலு கியர். 1968-ல் நாலு கதவு வைத்த ஹெரால்டு வந்தது. 1972-ல் கெசல் வந்தது. 1980-களில் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் வந்தது. அது விலைபோகவில்லை. 1988-ல் கார் உற்பத்தியே நின்றுவிட்டது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்கள் நிற்கின்றன.

அங்கே செய்த கார்கள் சில இன்னும் ஓடுகின்றன. ஆனால் அவற்றுக்குப் பாகம் செய்து தர அந்தத் தொழிற்சாலை இல்லை. புதுப்பேட்டையில் தேட வேண்டும். அல்லது, இதே கியர் பாக்ஸ் பாகங்களைச் செய்து விற்பவர்கள் இன்றும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து வரவழைக்க வேண்டும். ஆகவே ஒரு நல்ல பாக்ஸை வீணாகப் பிரித்து, கைதவறி ஒரு பல்லை உடைத்துவிட்டால், அது அந்தக் கார்க்காரருக்கு மட்டும் நஷ்டம் அல்ல. இருப்பதில் ஒன்று குறைந்தது என்று அர்த்தம்.

ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது போல

கியர் என்றால் என்ன? சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புரியும். மேட்டில் மிதிக்க முடியாது. சமதரையில் பறக்கலாம். கார் என்ஜினும் அப்படித்தான். மேட்டிலும், நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதும் அதற்குப் பலம் வேண்டும். அந்தப் பலத்தைக் கூட்டித் தருவது சின்னச் சக்கரமும் பெரிய சக்கரமும் சேர்ந்த ஜோடி. அப்படிப் பல ஜோடிகள் உள்ள பெட்டிதான் கியர் பாக்ஸ்.

ஒரு ஜோடியை விட்டு இன்னொரு ஜோடிக்கு மாறும்போதுதான் தகராறு. ஒரு பக்கம் வேகமாகச் சுற்றும். மறுபக்கம் மெதுவாகச் சுற்றும். இரண்டையும் திடீரென்று கோத்தால் பல்லோடு பல் மோதும். அதுதான் "கர்ர்ர்."

ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவரைக் கவனியுங்கள். (ஏறக் கூடாது. அது வேறு விஷயம்.) பஸ்ஸின் வேகத்துக்குச் சமமாக ஓடினால் அலுங்காமல் ஏறிக்கொள்வார். நின்றபடியே கம்பியைப் பிடித்தால் கை பிடுங்கிக்கொள்ளும். கியரிலும் இப்படி வேகத்தைச் சமமாக்குவதற்கு ஒரு பித்தளை வளையம் உண்டு. அதற்கு சிங்க்ரோ வளையம் என்று பெயர். அமெரிக்காவில் காடிலாக் கார்தான் 1928-ல் இந்த ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்தது.

ஹெரால்டு காரில் இரண்டு, மூன்று, நான்காம் கியர்களுக்கு இந்த வளையம் உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. ரிவர்சுக்கும் கிடையாது. புதுக் கார் ஓட்டிப் பழகிய பிள்ளை, தாத்தா காரை எடுத்து, கார் உருண்டு கொண்டிருக்கும்போதே முதல் கியரைப் போடுவான். "கர்ர்ர்" என்னும். "தாத்தா, கியர் பாக்ஸ் கெட்டுப்போச்சு" என்பான். கெட்டுப்போகவே இல்லை. அந்தக் காரின் குணமே அதுதான். முழுக்க நிறுத்திவிட்டுத்தான் முதல் கியரைப் போட வேண்டும்.

என்ஜினை நிறுத்திப் பாருங்கள்

எல்லாக் கியரும் கஷ்டப்படுகிறதா? காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. சமதரையில் காரை நிறுத்துங்கள். கை பிரேக்கைப் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். என்ஜினை நிறுத்துங்கள். இப்போது கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று இடித்தால் கல்லை எடுத்துவிட்டு, காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டி, மறுபடி போடுங்கள்.

என்ஜின் நிற்கும்போது கியர் எல்லாம் வெண்ணெய் போல விழுகிறது. ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால், பாக்ஸைத் தொடவே வேண்டாம். கிளட்ச்தான் சரியாக விடவில்லை. காலால் மிதித்தாலும் என்ஜினுக்கும் பாக்ஸுக்கும் உள்ள பிடி முழுதாக அறுபடவில்லை என்று பொருள்.

இன்னும் நிச்சயம் வேண்டுமா? என்ஜின் மெதுவாக ஓடட்டும். கிளட்சை நன்றாக மிதித்துக்கொண்டு, பத்து வரை எண்ணுங்கள். பிறகு மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நல்லது. பத்து எண்ணிய பிறகும் "கர்ர்ர்" என்றால் கிளட்ச் இழுக்கிறது. ரிவர்சுக்குப் பித்தளை வளையம் இல்லாததால் அது பொய் சொல்லாது.

ஹெரால்டில் கிளட்ச் கம்பியால் வேலை செய்வதில்லை. பிரேக் ஆயிலால் வேலை செய்கிறது. பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர். கீழே பாக்ஸ் பக்கம் இன்னொரு சிலிண்டர். ஒரு தரம் மிதித்தால் கியர் விழவில்லை, நாலு தரம் மிதித்து மிதித்து விட்டால் விழுகிறது என்றால் சிலிண்டரில் காற்றுப் புகுந்திருக்கும். அல்லது உள்ளே ரப்பர் தேய்ந்து ஆயில் கசியும். டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தால் போதும். அந்தச் சின்ன ரப்பர் எங்கே, முழு கியர் பாக்ஸ் எங்கே!

மழைக்காலத்தில் நம் புறநகரில் இன்னொரு வியாதி வரும். கார் ஷெட்டில் மாதக்கணக்கில் நின்றால், ஈரக் காற்றில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து என்ஜின் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது பெடலை எவ்வளவு மிதித்தாலும் விடாது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? அப்படித் தண்ணீரில் மூழ்கும் கார்களுக்கு இந்தத் தொல்லை மட்டும் அல்ல, இன்னொன்றும் வரும். பாக்ஸுக்குள்ளேயே தண்ணீர் போய்விடும். ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் பால் கலந்த காப்பி மாதிரி இருக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் எல்லாம் துருப்பிடித்து, இல்லாத செலவு நிஜமாகவே வந்து சேரும். உடனே வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

ஆயில் என்றதும் ஒரு வார்த்தை. ஹெரால்டு கியர் பாக்ஸில் கொள்ளும் ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவு. கொஞ்சம் ஒழுகினாலே உள்ளே வறட்சிதான். பக்கவாட்டில் ஒரு திருகு மூடி இருக்கும். சமதரையில் நிற்கும்போது அதைக் கழற்றினால் அந்த வாய் மட்டத்துக்கு ஆயில் நிற்க வேண்டும். கடையில் "கெட்டியான ஆயில் கொடு" என்று கேட்டு வாங்கக் கூடாது. டப்பாவின்மேல் ஜி.எல்.4 என்று போட்டிருப்பதுதான் பழைய பாக்ஸுக்கு ஏற்றது. ஜி.எல்.5 ஆயிலில் கலந்திருக்கும் மருந்துகள் சில, பித்தளை வளையத்தை அரிக்கக் கூடும். நம்பர் ஒன்றுதான் வித்தியாசம் என்று அலட்சியம் வேண்டாம்.

ஒரு கியர் மட்டும் சண்டை போட்டால்

எல்லாக் கியரும் நல்லது. இரண்டாவது கியர் மட்டும் கத்துகிறது. இது கிளட்ச் அல்ல. அந்தக் கியரின் பித்தளை வளையம் தேய்ந்திருக்கும். இதையும் பாக்ஸைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். பழைய லாரி டிரைவர்களைக் கேட்டால் "டபுள் கிளட்ச் போடு" என்பார்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வா. காலை எடு. ஆக்சிலேட்டரை ஒரு சின்ன மிதி. மறுபடி கிளட்சை மிதித்து இரண்டாவது கியரைப் போடு. சத்தமில்லாமல் விழுந்தால், வளையம்தான் தேய்ந்திருக்கிறது என்பது ஏறக்குறைய நிச்சயம். வளையம் செய்ய வேண்டிய வேலையை உன் கால் செய்துவிட்டது!

நல்ல செய்தி என்னவென்றால், இந்த வித்தையைக் கற்றுக்கொண்டவர் பாக்ஸைத் திறக்காமலே நெடுநாள் ஓட்டலாம். பாகம் கிடைக்கும் வரை அவசரமில்லை.

போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறதா? உள்ளே பல் தேய்ந்திருக்கலாம். கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன் என்ஜினையும் பாக்ஸையும் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள். ரப்பர் கிழிந்தால் காலை எடுக்கும்போதும் மிதிக்கும்போதும் என்ஜின் ஆடும். அது ஆடும்போது கியரும் கழன்று வரும். ரப்பர் மாற்றுவது அரைநாள் வேலை.

ராடு சோற்றுக் கரண்டி மாதிரி நாலு பக்கமும் சுழல்கிறதா? எந்தக் கியர் எங்கே என்று தெரியவில்லையா? அது ராடின் அடியில் உள்ள சின்னச் சின்ன புஷ்கள் தேய்ந்ததால் வருவது. ஹெரால்டில் இது சர்வ சாதாரணம். இதற்காகப் பாக்ஸை இறக்கியவர்களை என்னவென்று சொல்வது!

அம்பாசிடர், பியட் கார்களின் கதை கொஞ்சம் வேறு. பழைய அம்பாசிடரிலும் பியட்டிலும் கியர் ராடு ஸ்டீயரிங் அருகில் இருக்கும். அங்கிருந்து பாக்ஸ் வரை நீளமான கம்பிகள் போகும். அந்தக் கம்பி மூட்டுகள் தேய்ந்தால் ராடு ஒரு பக்கம் போகும், கியர் இன்னொரு பக்கம் போகும். நடுரோட்டில் சிக்கிக்கொள்ளும். அப்போதும் குற்றவாளி வெளியே இருக்கிற கம்பிதான். உள்ளே இருக்கிற பல்சக்கரம் அல்ல.

காதைத் தீட்டுங்கள்

நல்ல மெக்கானிக்குக் காதுதான் ஆயுதம். கார் நிற்கிறது, நியூட்ரலில் என்ஜின் ஓடுகிறது, "ஊ" என்று ஒரு ஓசை. கிளட்சை மிதித்தால் ஓசை நின்றுவிடுகிறது. அப்படியானால் பாக்ஸுக்குள் உள்ள பேரிங்கில் கோளாறு. நேர்மாறாக, மிதித்தால்தான் ஓசை வருகிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்றால் அது கிளட்சின் ரிலீஸ் பேரிங். (பெடல்மேல் எப்போதும் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் இதைச் சீக்கிரம் சம்பாதிப்பார்கள்.)

ஒன்று, இரண்டு, மூன்றில் எல்லாம் இரைச்சல். நாலாவது கியரில் மட்டும் அமைதி. இது ஏன்? நாலாவது கியரில் சக்தி நேராகப் போய்விடும். மற்ற மூன்றிலும் கீழே உள்ள ஒரு தண்டின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். ஆகவே இரைச்சல் அந்தக் கீழ்த் தண்டில். இப்படிப்பட்ட நோய்க்குத்தான் பாக்ஸை இறக்குவது நியாயம்.

பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஏறும்போது என்ஜின் அலறுகிறது, கார் ஏறவில்லை. புல்லிங் இல்லை என்பார்கள். இது கியரும் அல்ல, பாக்ஸும் அல்ல. கிளட்ச் பிளேட் தேய்ந்து நழுவுகிறது.

பார்த்ததற்குக் காசு உண்டா?

இப்போது கார்க்காரரின் பங்குக்கு வருவோம்.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம் கார் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறார். நிறுத்திக் கேட்கிறார். குனிந்து ஒரு புஷ்ஷை மாற்றுகிறார். ஒரு போல்ட்டை முறுக்குகிறார். கியர் சரியாகிவிட்டது.

"எவ்வளவு ஆச்சு அண்ணே?"

"ஐந்நூறு குடுங்க சார்."

"என்ன அண்ணே இது! ஒரு போல்ட்டை முறுக்கினதுக்கு ஐந்நூறா?"

பேரம் பேசி நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறார் கார்க்காரர். அதே ஆள், இன்னொரு ஷெட்டில் பாக்ஸை இறக்கி, தரை முழுக்கச் சக்கரத்தைப் பரப்பி வைத்தால், ஆயிரக்கணக்கில் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுப்பார். கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குத்தான் அவர் காசு தருவார். இதை ஷெட்டுக்காரர்கள் எத்தனை நாள் கவனிக்காமல் இருப்பார்கள்? புத்திசாலி மெக்கானிக்கையும் பாக்ஸ் இறக்குகிறவராக மாற்றுவது இந்தப் பழக்கம்தான்.

டாக்டரிடம் போகிறோம். நாடி பார்க்கிறார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கிறார். "ஒன்றும் இல்லை, வெந்நீர் குடியுங்கள்" என்கிறார். பீஸ் கொடுக்கிறோம். "ஒன்றும் இல்லாததற்கு ஏன் பீஸ்?" என்று கேட்பதில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்றாரே என்று மகிழ்ச்சியோடு வருகிறோம். மெக்கானிக்குக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ஆனால் ஏமாற்றுகிறவருக்கும் வசதியாக இருப்பது இந்த ஏற்பாடுதான். பார்க்கக் கூலி தனி, செய்யக் கூலி தனி என்று இருந்தால், பார்த்துச் சொன்னவரிடமே வேலையைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்னொருவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆகவே ஒவ்வொரு ஷெட்டிலும் "கோளாறு பார்க்கக் கூலி இவ்வளவு" என்று ஒரு பலகை தொங்க வேண்டும். கார்க்காரரும் அதை முணுமுணுக்காமல் கொடுக்க வேண்டும்.

இன்னொரு காரியமும் அவசரம். இந்தக் காது வைத்தியம் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. இளம் மெக்கானிக்குகள் கம்ப்யூட்டர் கருவியைச் செருகிக் கோளாறைப் படிக்கக் கற்றிருக்கிறார்கள். அது தேவைதான். ஆனால் ஹெரால்டில் அந்தக் கருவியைச் செருக இடமே கிடையாது. கிண்டியில் அரசாங்க ஐ.டி.ஐ. இருக்கிறது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. இருக்கிறது. இரண்டுக்கும் எட்டுகிற தூரத்தில்தான் ஹெரால்டு பிறந்தது. பெரியவர்களை வாரம் ஒரு நாள் கூப்பிட்டு, பையன்களுக்குக் காரோடு பாடம் சொல்லச் சொன்னால் என்ன? சம்பளம் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். பொன்னாடை போர்த்தி அனுப்பினால் போதாது.

"பழைய கார்க்காரர்களின் பொழுதுபோக்குக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் நினைக்கலாம். நம் ஊர்ச் சாலைகளில் இன்றும் கையால் கியர் மாற்றும் கார்கள்தாம் அதிகம். வீட்டு வாசலில் நிற்கும் மாருதிக்கும் கிளட்ச் உண்டு. அதுவும் இழுக்கும், அதுவும் நழுவும். என்ஜினை நிறுத்திப் பார்க்கும் சோதனை அதற்கும் பொருந்தும். கியர் ராடின்மேல் கையைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் உள்ளே உள்ள கவை தேய்வது எல்லாக் காருக்கும் பொதுதான்.

அப்படியும் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், ஹெரால்டில் அதைக் காருக்குள்ளிருந்தே எடுக்கலாம். முன் சீட்டைக் கழற்றி, நடுவில் உள்ள மூடியை எடுத்தால் பாக்ஸ் தெரியும். காருக்கு அடியில் படுக்க வேண்டிய வேலை குறைவு. பிரிக்கும்போது வீட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. மாற்றிய பாகங்களைத் துணியில் முடிந்து கையோடு வாங்கி வர வேண்டும். தேய்ந்த வளையம் என்றால் அது எந்தக் கியருக்கு உரியது என்று ஒரு சீட்டில் எழுதி, அந்த முடிச்சிலேயே வைக்க வேண்டும்.